சிங்கப்பூர்ப் பூங்காவில் பார்த்தது, இன்னும் மனசைவிட்டுப் போகாதது: பகிருங்க

மல்லிகை_ஈசூன்:
பீஷான் பூங்கா, போன டிசம்பர். அங்க ஆத்துல திரியுற நீர்நாய்க் கூட்டம் பத்தித் தெரியும்தானே. அம்மா போனதுக்கப்புறம் அப்பா வீட்ல வாயே திறக்கிறதில்ல, வற்புறுத்தித்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு நீர்நாய் கரையேறி, முன்னங்கால் ரெண்டுலயும் மீனைப் பிடிச்சு, தலையிலிருந்து மொறுக் மொறுக்குனு கடிக்குது. "ஏ புள்ள, ஜிலேபிக் கெண்டைடி!"ன்னு அப்பா சத்தம் போட்டார். பெரிய கேமராவோட நின்ன சீன அங்கிள் திரும்பிப் பார்த்து, தான் எடுத்த படத்தைப் பெருசாக்கிக் காட்டினார். இவருக்குச் சீனம் வராது, அவருக்குத் தமிழ் வராது. திரையில செதிலைத் தொட்டுத் தொட்டுக் காட்டி ரொம்ப நேரம் பேசினாங்க. அப்பா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சுன்னு அங்கதான் உறைச்சது.

தோபாயோக்காரன்:
எல்லாரும் நீர்நாயையே சொல்றீங்க, அந்த ஆற்றைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்களே! காலாங் ஆறு அங்க 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயா கிடந்தது. நான் சின்னப் பையனா இருந்தப்ப கிட்டப் போனாலே அடி விழும். கான்கிரீட்டை உடைச்சு, வளைஞ்சு ஓடுற ஆறாக்கி 2012ல திறந்தாங்க. போன மாசம் என் மக அங்க கல்லுல உட்கார்ந்து கால் நனைச்சிட்டிருந்தா. எச்சரிக்கை விளக்கு மின்னி, சைரன் ஊதுச்சு. மேட்டுக்கு ஏறிட்டோம். கொஞ்ச நேரத்துல அவ உட்கார்ந்த கல்லே தெரியல. மழைத் தண்ணி பரவுறதுக்குன்னே விட்ட இடம் அது. போறவங்க விடிகாலைல போங்க. ஞாயிறு வேண்டாம், ஒரே கூட்டம்.

ஞாயிறு_லீவு:
அண்ணே, ஞாயிறு வேண்டாம்னா நாங்க எப்பப் போறது? கப்பல் பட்டறை வேலை, வாரத்துல அந்த ஒரு நாள்தான். நான் போறது ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. கடலைத் தூர்த்து உண்டாக்கின கரை. டிக்கெட் இல்ல, எந்திரின்னு யாரும் சொல்றதில்ல. வீடியோ கால்ல கடலைக் காட்டினேன். நங்கூரம் போட்டு நின்ன கப்பலையெல்லாம் பையன் எண்ணிட்டு, "இதுல எதுப்பா நீ செஞ்சது?"ன்னு கேட்டான். பதில் சொல்ல நாக்கு எழல.

ஓய்வுபெற்ற_ஆசிரியை:
தம்பி சொல்வது நியாயம். கூட்டம் வரத்தானே பூங்கா?
என் அனுபவம் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவில். தோழியின் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை ஒரு குரங்கு பறித்துப் போனது. அதன் குட்டி அந்தப் பிளாஸ்டிக்கை மென்றது கண்ணிலேயே நிற்கிறது. யாரோ தீனி போட்டுப் பழக்கியதன் விளைவு இது. தயவுசெய்து கேளுங்கள்: பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், முதுகுப் பைக்குள் வையுங்கள். குரங்கு நெருங்கினால் ஓடாமல், பல்லைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. நீர்நாய் குட்டிகளோடு இருந்தாலும் விலகியே நில்லுங்கள், வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.
மல்லிகை, அப்பாவை அடுத்து சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கூட்டிப் போங்களேன். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். தொலைநோக்கி இருந்தால் கொண்டு போங்கள், தண்ணீரும் தொப்பியும் அவசியம்.