எக்ஸ்பாண்டர் போட்டு முன்பல் இடைவெளி வந்துவிட்டது, இதற்குப் பிறகும் சிபிசிடி ஸ்கேன் எதற்கு?

கோவை_அம்மா:
மகளுக்கு 13 வயது. மேல்தாடை குறுகலாக இருக்கிறது, மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்பக்கமாக விழுகின்றன என்று சொல்லி, கிளிப் போடுவதற்கு முன்னால் அண்ணத்தில் ஸ்க்ரூ வைத்த எக்ஸ்பாண்டர் ஒட்டினார்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை சாவி போட்டுத் திருப்பியது நான்தான், ஒரு திருப்பலுக்குக் கால் மில்லிமீட்டர் என்றார்கள். மூக்குத் தண்டில் அழுத்துகிறது என்று முனகுவாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தது. இப்போது திருப்புவதை நிறுத்தி ஸ்க்ரூவைப் பூட்டிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் ஓபிஜியும் (எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே) பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. இப்போது சிபிசிடி, அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன், எடுத்து எலும்பு எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கலாம் என்கிறார் டாக்டர். கண்ணுக்கே தெரிகிற இடைவெளிக்கு ஸ்கேன் எதற்கு? செலவை விடுங்கள், சின்னப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு என்றால் யோசனையாக இருக்கிறது. அதோடு அந்த இடைவெளியும் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது, விரித்தது மறுபடி மூடிக்கொள்கிறதா?

ஆர்த்தோ_மதுரை:
கடைசிக் கேள்விக்கு முதலில். மூடவில்லை, பயப்படாதீர்கள் அம்மா. ஈறுக்குள் பல்லோடு பல்லைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் இருக்கின்றன, அவை முன்பற்களை இழுத்து ஒன்று சேர்க்கும். மேலே எலும்பு விரிந்தபடியேதான் இருக்கும், ஸ்க்ரூவைப் பூட்டியதே அதற்காகத்தான். நடுவில் புது எலும்பு வளர மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை அப்படியே விட்டுவைப்போம்.

அந்த இடைவெளி நல்ல அறிகுறி, ஆனால் பாதிக் கதைதான். 1860-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 14 வயதுப் பெண்ணுக்கு ஸ்க்ரூ வைத்து இதையே செய்தார். எக்ஸ்ரே வந்தது 1895-இல். அவர் காட்ட முடிந்த சாட்சி இந்த முன்பல் இடைவெளிதான், எலும்பு பிரிந்தது என்பதைப் பலர் நம்பவில்லை. அவர்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் ஸ்க்ரூ திறக்கும் தூரம் முழுவதும் எலும்புக்குப் போவதில்லை. கொஞ்சம் அண்ணத்தின் நடு இணைப்பு (மேல்தாடை எலும்பின் இரண்டு பாதிகளும் சேரும் கோடு) பிரிகிறது, கொஞ்சம் பல்லைத் தாங்கும் எலும்பு வளைகிறது, மிச்சம் பல் கன்னப் பக்கமாகச் சாய்கிறது. 2008-இல் வந்த ஒரு சிபிசிடி ஆய்வில், முதல் சிறுகடைவாய்ப் பல் இருக்கும் இடத்தில் விரிவில் சுமார் 55 சதவீதம் எலும்பால் வந்தது, முதல் கடைவாய்ப் பல்லில் 38 சதவீதம்தான், அங்கே பாதிக்குக் கிட்ட வெறும் சாய்வு. முன்னால் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் விசிறி மாதிரி திறக்கும், அதனால் முன்பல்லைப் பார்த்துக் கடைவாயில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. கடைவாய்ப் பல் வழியாகக் குறுக்கே வெட்டிய படத்தில் மூக்கின் அடித்தளம் எவ்வளவு அகலம், பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வேருக்கு வெளியே எலும்பு மிச்சம் இருக்கிறதா, எல்லாம் தெரியும்.

ஆனால் 13 வயதில், இடைவெளியும் வந்த பிறகு, வழக்கமாக எல்லோருக்கும் இதை எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இணைப்பு பிரிந்ததா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் வாயில் கடித்துக்கொண்டு எடுக்கும் சாதாரண அண்ண எக்ஸ்ரே போதும், முன்பற்களுக்கு நடுவிலிருந்து பின்னோக்கிக் கறுப்பாக ஆப்பு வடிவில் தெரியும். உங்கள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஸ்கேனில் எது தெரிந்தால் சிகிச்சையை மாற்றுவீர்கள்?

ஸ்கேன்_கதிர்:
நான் ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவன். ஓபிஜி ஒன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 25 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), சிபிசிடி என்றால் சில பத்துகளிலிருந்து சில நூறு வரை போகும், எவ்வளவு பரப்பை எடுக்கிறோம், மெஷின் எது என்பதைப் பொறுத்தது. இயற்கையாகவே நமக்கு வருடத்துக்குச் சராசரியாக 2400 வருகிறது. பயப்படுகிற அளவு இல்லை, சும்மா எடுக்கிற அளவும் இல்லை, குழந்தைகளுக்குப் பாதிப்பு கூடுதல் என்பதால். எடுத்தால் மேல்தாடை மட்டும் போதும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். முழு மண்டையையும் எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, எக்ஸ்பாண்டர் வாயில் இருக்கும்போது எடுத்தால் உலோகத்தைச் சுற்றிக் கோடு கோடாக விழும், அதுவும் சரியாக அந்தக் கடைவாய்ப் பல் பக்கத்தில். அங்கே கன்னப் பக்க எலும்பு பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, படத்தின் ஒரு புள்ளியே 0.3 மில்லிமீட்டர் என்றால் இருக்கிற எலும்பும் இல்லாத மாதிரி தெரியும். நிறத்தை வைத்து "எலும்பு இத்தனை சதவீதம் கெட்டியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சிபிசிடியில் அந்தக் கறுப்பு வெள்ளை அளவுகள் ஒரே மாதிரி நிற்பதில்லை.

அப்புறம், முன்னால் எடுத்த சிபிசிடி இல்லையே, எதோடு ஒப்பிடுவார்?

ஆர்த்தோ_மதுரை:
கதிர் சொல்வது சரி. நடு இணைப்பு இன்னும் நிரம்பாமல் இருந்தால் அந்த இடைவெளியை நேராகவே அளக்கலாம், அதற்குப் பழைய படம் தேவையில்லை. ஆனால் பல் எவ்வளவு சாய்ந்தது, எலும்பு எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் முன் பின் இரண்டும் இருந்தால்தான்.

லேட்டா_கிளிப்:
எனக்கு 26 வயது, என் விஷயத்தில் சிபிசிடி முதலிலேயே எடுத்தார்கள், அதுதான் முடிவையே மாற்றியது. அண்ணத்தின் நடு இணைப்பை ஏ முதல் ஈ வரை ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள், 2013-இல் வந்த முறையாம். ஏ, பி என்றால் ஒரே கோடு தெளிவாகத் தெரியும், சி-யில் இரண்டு கோடுகள் அங்கங்கே ஒட்டியிருக்கும், டி என்றால் பின்பகுதி மூடிவிட்டது, ஈ என்றால் கோடே காணோம். எனக்கு சி. பல்லில் மாட்டும் எக்ஸ்பாண்டர் வேண்டாம், அண்ண எலும்பில் சின்ன ஸ்க்ரூக்கள் அடித்து அதில் மாட்டுவோம் என்றார்கள். ஈ ஆக இருந்திருந்தால் ஆபரேஷன் என்றார்கள். அக்கா, உங்கள் பெண்ணுக்கு 13 தானே, இணைப்புதான் பிரிந்தே விட்டதே.

கோவை_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இன்று கேட்டேன். வலது கடைவாய்ப் பல்லில் ஈறு கொஞ்சம் ஏறி வேர் தெரிய ஆரம்பித்திருக்கிறதாம், வெளியே எலும்பு இல்லையென்றால் கிளிப் போடும்போது அந்தப் பல்லை உள்பக்கம் நிமிர்த்த வேண்டும், இன்னும் வெளியே தள்ளக் கூடாது, அதைப் பார்க்கத்தான் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உலோகக் கோடுகள் பற்றிச் சொன்னதும் யோசித்துவிட்டு, சரி, எக்ஸ்பாண்டரைக் கழற்றும் நாளில் வலது பக்கம் மட்டும் சின்னப் பரப்பில் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை மாதாமாதம் ஈறை அளந்து பார்ப்போம் என்றார்.

ஸ்கேன்_கதிர்:
ரிப்போர்ட்டோடு நிற்காமல் முழு ஃபைலையும் சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். பின்னால் வேறு டாக்டரிடம் போனாலும் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.