மறுமொழி: நினைவுக்கல் – நாலாவது ஆளை விடாதேங்கோ

எல்லாருக்கும் வணக்கம்.

83 ஜூலைக் கலவரத்தில கொழும்பில செத்த எங்கட ஊராக்களுக்கு வைக்கிற கல்லுக்கு இன்னும் இரண்டு லட்சம் குறையுது எண்டு பொருளாளர் அண்ணை எழுதினதைப் பார்த்தன். என்ர 25,000 ரூபாயைப் போன கிழமையே போட்டிட்டன், பற்றுச்சீட்டு இன்னும் வரேல்லை.

நீங்கள் அனுப்பின கல்லின்ர மாதிரியில காசு தந்த 31 பேரின்ர பேர் கிடக்கு. 83இல செத்த எங்கட ஊராக்களில மூண்டு பேரின்ர பேர்தான் கிடக்கு. செத்தது நாலு பேர்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில சின்னம்மாவிட்டப் போனன். தகரப்பெட்டியைத் திறந்து சின்னையாவின்ர கொப்பியைக் காட்டினா. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில, வந்து சேர்ந்த ஊராக்களின்ர பேரைப் பென்சிலால எழுதினவர். கடைசிப் பக்கத்தில நாலு வரிக்கு நேர 'வரேல்லை'. நாலாவது வரியில பேர் இல்லை, 'கடைப் பெடியன்' எண்டு மட்டும். எழுத்து மங்கிப்போச்சு, விரல் வைக்க விடமாட்டா.

அந்தக் கலவரத்தில வெலிக்கடைச் சிறையில கொல்லப்பட்டது ஜூலை 25இல 35 பேர், 27இல 18 பேர். அந்த 53 பேருக்கும் பட்டியல் இருக்கு. வாக்காளர் இடாப்போட வந்த காடையருக்கு எங்கட வீடும் தெரிஞ்சிருந்தது. அந்தக் கடைப் பெடியன் கடைக்குள்ள படுக்கிறவன், எந்த இடாப்பிலயும் இல்லை. இப்ப எங்கட கல்லிலயும் இல்லை.

அகதியளை ஏத்தின லங்கா கல்யாணிக் கப்பலில போய்க் காங்கேசன்துறையில இறங்கேக்க எனக்கு 11 வயது. அவன்ர தாய் ஒவ்வொரு முகமாப் பார்த்துக்கொண்டு நிண்டவ. அம்மாவின்ர கையைப் பிடிச்சு, "பிள்ளை பின்னால வாறானோ?" எண்டு கேட்டா. அம்மா, "ஓம்" எண்டிட்டா. சாகும்வரைக்கும் அம்மா அதைச் சொல்லி அழுதவ.

அவன் கிழக்குத் தெருப் பெடியன் எண்டதுதான் காரணமெண்டால் வாய் திறந்து சொல்லுங்கோ. ஆர் எந்தக் கிணத்தில அள்ளுறது எண்ட அந்தப் பழைய சாதிக் கதையைக் கல்லுக்குக் கொண்டு போகாதேங்கோ.

காசு தந்தவையின்ர பேர் கல்லில இருக்கிறது ஊரின்ர மானம் எண்டு லண்டன் அண்ணை எழுதினார். 2022 மே 18 கொழும்புக் காலிமுகத்திடலில, போரின்ர கடைசியில செத்தவையை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சேக்க நானும் நிண்டனான், சிங்களப் பெடியளும் கை நீட்டி வாங்கிக் குடிச்சவை. அரிசி தந்தது ஆரெண்டு அங்க ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. எங்கட 31 பேரையும் எடுத்துவிடுங்கோ, என்ர பேரை முதல் எடுங்கோ.

அவன் எங்கட பள்ளிக்கூடத்தில ஏழாம் வகுப்புவரை படிச்சவன் எண்டு சின்னம்மா சொல்லுறா. கூடப் படிச்ச ஆராவது இதை வாசிச்சால், அவன்ர பேரையும் தகப்பன்ர பேரையும் எழுதுங்கோ. கல்லு வெட்டுறவர் வெள்ளிக்கிழமை தொடங்கிறார்.