மீள்திறனா, ஈடுகொடுதிறனா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனைகளின் நெருக்கடிக்கால மதிப்பீட்டு ஆவணமொன்றைத் தமிழாக்கும் அன்பர், 'பிரிபேர்ட்னஸ்' (preparedness, இடருக்கு முன்பே ஆயத்தமாக இருத்தல்), 'ரெசிலியன்ஸ்' (resilience, இடர் வந்தாலும் நிலைகுலையாத தன்மை) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். முதலாவதில் சிக்கலே இல்லை. இலங்கையில் 'முன்னாயத்தம்' என்று எழுதுகிறார்கள், தமிழக அரசு அறிக்கைகளில் 'தயார்நிலை' வருகிறது. என் வாக்கு முன்னாயத்தத்துக்கு. இடருக்கு முந்திய வேலை என்பது சொல்லிலேயே இருக்கிறது.

இரண்டாவதற்குப் பரிந்துரையாக வந்த 'மீள்திறன்', 'மீண்டெழும் தன்மை' ஆகியவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையில் நடந்ததைப் பாருங்கள். வெள்ளம் எட்டாதபடி ஜெனரேட்டர்களைப் பதின்மூன்றாம் தளத்தில் வைத்திருந்தார்கள். நல்ல முன்னாயத்தம்தான். ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன, அங்கே தண்ணீர் புகுந்துவிட்டது. ஊழியர்களும் தேசியக் காவற்படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, எண்ணெயைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். லிப்ட் இல்லாமல் நோயாளிகளைப் படிவழியே இறக்கி, சில நாட்களுக்குள் சுமார் 700 பேரையும் வெளியேற்றினார்கள். மருத்துவமனை முழுமையாக மீண்டும் திறக்க 2013 பிப்ரவரி ஆயிற்று.

பிப்ரவரியில் நடந்ததற்கு 'மீட்சி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. படிக்கட்டில் நடந்தது மீள்வதா? அவர்கள் எதிலிருந்தும் மீளவில்லை. இடருக்கு நடுவிலேயே வேலையை நிறுத்தாமல் நின்றார்கள். 'மீள்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இந்த நிற்றலைத் தவறவிட்டு, விழுந்தபின் எழுவதைத்தான் காட்டும். போதாக்குறைக்கு, இலங்கைப் பாடநூல்களில் மீள்தன்மை என்றால் இழுத்துவிட்ட கம்பி பழைய நீளத்துக்கு வரும் பண்பு. ஒரு மருத்துவமனை பழைய நிலைக்கே திரும்பினால் பம்புகளும் அடித்தளத்துக்கே திரும்பிவிடும்!

'தாங்குதிறன்' பரவாயில்லை, ஆனால் அது தூணுக்கும் சுவருக்கும் உரியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைப் பாதுகாப்புச் சுட்டெண் (2015ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் 151 கூறுகள்) கட்டட உறுதியைத் தனிப் பகுதியாகவும் நெருக்கடி மேலாண்மையைத் தனிப் பகுதியாகவும் வைத்திருக்கிறது. தாங்குதிறனை முதலாவதற்கே விட்டுவிடலாம். கட்டடம் தாங்கியும் உள்ளே பணி முடங்கிப்போவது உண்டு.

என் பரிந்துரை 'ஈடுகொடுதிறன்'. 'அந்த வேகத்துக்கு அவனால் ஈடுகொடுக்க முடியவில்லை' என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். எதிரே வருவதன் அளவுக்குத் தன்னை மாற்றிக்கொண்டு, ஓயாமல் நிற்பது அதன் பொருள். 'நிறுவன ஈடுகொடுதிறன்', 'ஈடுகொடுக்கும் மருத்துவமனை' என்று பெயரிலும் அடையிலும் இயல்பாக வருகிறது. முன்னாயத்தம், ஈடுகொடுதிறன், மீட்சி என்று முன்னும் நடுவும் பின்னும் தனித்தனிச் சொல் கிடைத்துவிடும். மதிப்பீட்டாளருக்கும் இது உதவும்: எண்ணெய் இருப்பு எத்தனை மணி நேரத்துக்கு என்பது முன்னாயத்தக் கேள்வி, பம்பு நின்றால் யார் யாரைக் கேட்காமல் முடிவெடுக்கலாம் என்பது ஈடுகொடுதிறன் கேள்வி.

'ஈடு' என்றால் அடமானமும் இழப்பீடும் நினைவுக்கு வரும் என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். உண்மைதான், அதனால்தான் 'ஈட்டுத்திறன்' என்று சுருக்கக் கூடாது என்கிறேன். சுருக்கினால் பணம் ஈட்டும் திறனாகிவிடும். தனியார் மருத்துவமனைகளுக்கு அதற்கு வேறு மதிப்பீடு தேவையில்லை.

வினைத்தொகை என்பதால் 'ஈடுகொடுத்திறன்' என்று ஒற்று மிகாது. நீளம் மட்டுமே எனக்கு உறுத்துகிறது. கொடுத்தலை விடாமல் இதைவிடக் குறுகிய வடிவம் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.