சிவப்பு டெக் நாலாவது டர்னில் மூச்சு வாங்குது

மாமரத்தடி, கிருஷ்ணகிரி:
ஞாயிறானா ராயக்கோட்டை ரோட்டுல நண்பன் வீட்டு மொட்டை மாடியில மேஜிக் தி கேதரிங்ங்கிற கார்டு ஆட்டம் ஆடுறோம். என் டெக் (கார்டுக் கட்டு) முழுச் சிவப்பு: 24 மவுண்டன் (மானா, அதாவது மத்த கார்டைப் போடுற சக்தி, தர்ற நிலக் கார்டு), வேகமா அடிக்கிற கோப்ளின் கைடு 4, லைட்னிங் போல்ட் 4, மேல ஆறு மானா டிராகன் 4, மிச்சம் கலவை. வெள்ளை டெக்காரன் லைஃப் (உயிர்ப் புள்ளி) ஏத்திக்கிட்டே போறான், நான் வெறுங்கையோட உட்கார்ந்திருக்கேன். சைடுபோர்டுல (ஒரு ஆட்டம் முடிஞ்சு அடுத்ததுக்கு மாத்திக்கிற உபரி கார்டுங்க) என்ன வைக்கலாம்?

பென்னாகரத்தான்:
தம்பி, முதல்ல டிராகனை டெக்கை விட்டு எடு. ஆறு மவுண்டன் வர்ற வரைக்கும் ஆட்டம் நீண்டுச்சுன்னாலே நீ பாதி தோத்தாச்சு. எதிராளிக்கு 20 லைஃப். மூணு மூணா அடிச்சா ஏழு கார்டு போதும். அதனால லாவா ஸ்பைக் 4, ரிஃப்ட் போல்ட் 4 போடு. மவுண்டனை 20-க்கு இறக்கு. (நான் 19, ஆனா எனக்குக் கொஞ்சம் பேராசை.)

சைடுபோர்டுக்கு ஸ்கல்கிராக் 4. உன் டர்ன்ல அவசரப்பட்டுப் போடாதே. அவன் லைஃப் ஏத்துற கார்டைப் போட்டதும் பதிலுக்குப் போடு. மூணு அடியும் விழும், அந்த டர்ன் யாருக்கும் லைஃப் ஏறாது. அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே! ஆர்ட்டிஃபேக்ட் (கருவி மாதிரியான பொருள் கார்டு) டெக்குக்கு, அதை உடைக்கிற ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் 3.

மாமரத்தடி:
அண்ணா, ரெண்டாவது ஆட்டத்துக்குப் பத்து கார்டு மாத்தலாமா?

பென்னாகரத்தான்:
வேண்டாம்பா. நாலு, மிஞ்சிப்போனா அஞ்சு. அதுக்கு மேல மாத்தினா வேகம் போயிடும். ஸ்கல்கிராக் உள்ளே வந்தா அந்தக் கலவையில மூணு மானா செலவாகுற கார்டுங்க வெளியே. கைடை மட்டும் தொடாதே.

மாமரத்தடி:
டிராகன் ஒண்ணே ஒண்ணு?

பென்னாகரத்தான்:
ஃபிரேம் போட்டு மாட்டிக்க.