பிள்ளை இல்லாத தம்பதிகள்: உயில், நாமினி, ஆஸ்பத்திரி பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பத்திர எழுத்தர்:
"எனக்குப் பிறகு எல்லாம் அவளுக்குத்தானே" என்று கணவன்மார் சும்மா விட்டுவிடுவதுதான் அதிகம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறக்கும்போது அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் மனைவிக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. பின்னால் அந்த அம்மாவும் காலமானால் அவர் பாதி கொழுந்தன், நாத்தனார் பங்காகிவிடும். அப்புறம் வீட்டை விற்க எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும்.

மனைவி பக்கம் இன்னும் மோசம். கணவரை இழந்தவர் தன் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட்கூட, உயில் இல்லாவிட்டால் முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான். பெற்ற தாய்க்கு அதற்கு அடுத்த வரிசை. தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்து மட்டும் தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

ஆகவே இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். கூட்டு உயில் வேண்டாம். ஒருவர் போன பிறகு மற்றவர் அதை மாற்றலாமா என்று வழக்கு வரும். 'எனக்கு முன்பே துணை இறந்துவிட்டால் இன்னாருக்கு' என்ற வரி கட்டாயம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். எண்பது வயது நண்பர் கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கோர்ட்டுக்கு யார் வருவது?

வங்கிக்காரர்:
வங்கியைப் பொறுத்தவரை நாமினி பணத்தை வாங்குபவர்தான், சொந்தக்காரர் அல்ல. 2025 நவம்பரிலிருந்து டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை போடலாம். துணை இறந்த பிறகும் அவர் பெயரிலேயே நாமினி கிடப்பதுதான் வழக்கமான சிக்கல்.

வார்டு நர்ஸ்:
அட்மிஷனில் முதல் கேள்வியே "அட்டெண்டர் யாரு?" என்பதுதான். உங்களுக்காக இன்னொருவர் முடிவெடுக்க எழுதித்தரும் பவர் பத்திரத்தை இதற்கு நம்ப வேண்டாம். புத்தி சுவாதீனம் போனால் அது செல்லாது. வென்டிலேட்டர் வேண்டுமா என்பது போன்ற முடிவுகளை முன்கூட்டியே எழுதிவைக்க 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து. உங்கள் சார்பில் பேசப்போகிறவரின் பெயரையும் அதிலேயே எழுதுங்கள். மாத்திரைச் சீட்டு, இன்சூரன்ஸ் கார்டு நகல், இரண்டு போன் நம்பர் ஒரே ஃபைலில். வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில்.

வக்கீல்:
"வீட்டை என் பேருக்கு எழுதுங்க சித்தப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று வருபவருக்குச் செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்காதீர்கள். உயிலை எத்தனை தடவையும் மாற்றலாம், செட்டில்மென்டை அப்படி முடியாது. எழுதியே தீர வேண்டுமென்றால் 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். மீறினால் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். பலருக்குத் தெரியாதது: பிள்ளையில்லாத மூத்தவர், தன் சொத்தை அடையப்போகிற உறவினரிடம் ஜீவனாம்சமும் கேட்கலாம். மனு கோட்டாட்சியரிடம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உறவுப் பிள்ளைகளைப் படிக்கவைக்க ஆசையென்றால் கட்டணத்தைக் கல்லூரிக்கே நேரடியாகக் கட்டுங்கள். வாக்கு ஒரு வருடத்துக்கு மட்டும், மார்க் ஷீட் பார்த்த பிறகு அடுத்தது. ஒரு பிள்ளைக்குச் செய்தால் மற்ற வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள். வருடத்துக்கு இவ்வளவுதான் என்ற தொகையை முதலிலேயே எல்லார் காதிலும் போட்டுவையுங்கள்.