பழைய பித்தளை போல்ட்டைப் படகுக்குப் போடலாமா?

நாகை_ராஜா: அப்பாவின் ஃபைபர் படகில் சுக்கானைப் பிடிக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பட்டையின் இரும்பு போல்ட் நாலும் துருவேறிப் போச்சு. 316 ரக எஸ்.எஸ். போல்ட் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பழைய பம்ப்செட்டில் கழற்றிய பித்தளை போல்ட் வீட்டில் சும்மா கிடக்கிறது. பித்தளைதான் துருப்பிடிக்காதே, போடலாமா?

சிக்கனசாமி: தாராளமாகப் போடுங்க தம்பி. 'படகு சாமான்' என்று பெயர் வைத்தாலே கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார். நான் பட்டைக்குப் பின்னால் கொடுக்கும் தட்டையே பழைய நீல பிளாஸ்டிக் டிரம்மில் வெட்டித்தான் போடுகிறேன். உப்புத் தண்ணீர் அதை என்ன செய்யும்?

மெக்கானிக்_பாய்: டிரம் தட்டு சரி. பித்தளை வேண்டாம். அதில் கலந்திருக்கும் துத்தநாகத்தைக் கடல் தண்ணீர் தின்றுவிடும், செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும். போல்ட் பார்க்க முழுசாகவே இருக்கும். கத்தியால் சுரண்டினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும், ஸ்பேனர் போட்டால் தலை கையோடு வந்துவிடும். இதில் பட்டை வேறு எஸ்.எஸ்.; இரண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பித்தளைதான் முதலில் போகும். இரும்பு போல்ட்டுக்கு நடந்ததும் அதுதான்.

சிக்கனசாமி: அப்போ சாதா எஸ்.எஸ். வாங்கட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு.

மெக்கானிக்_பாய்: அண்ணே, சாதா எஸ்.எஸ். ஆன 304-லும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது, 316-லும் ஒட்டாது. போல்ட் தலையைப் பாருங்க: ஏ2 என்றால் 304, ஏ4 என்றால் 316. ஏ4-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கும், உப்புக்குத் தாங்குவது அதனால்தான். மேல்தட்டுக்கு ஏ2 போதும், தண்ணீருக்கு அடியில் ஏ4. காந்தத்தை ஹோஸ் கிளிப் வாங்கும்போது எடுத்துப் போங்க. பட்டை எஸ்.எஸ்.ஸாக இருக்கும், திருகு சாதா இரும்பாக இருக்கும்.

சிக்கனசாமி: எல்லாவற்றுக்கும் கடைக்குப் போனால் மீன் விற்ற காசு போல்ட்டுக்கே சரி. நடுக்கடலில் அவுட்போர்டு இன்ஜினில் ஷியர் பின் (ப்ரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்னக் கம்பி) உடைந்தபோது ஆணியை வெட்டிச் செருகித்தான் கரை சேர்ந்தேன். கடையா வந்து காப்பாற்றியது?

மெக்கானிக்_பாய்: கரை சேர ஆணி போட்டது சரிதான், குறை சொல்லவில்லை. சேர்ந்த பிறகும் அதிலேயே ஓட்டுவதுதான் தப்பு. ப்ரொப்பெல்லர் எதிலாவது மோதினால் அந்தப் பின் உடையத்தான் வேண்டும். அது உடையாவிட்டால் கியர் உடையும், அந்தச் செலவில் பின் ஒரு டப்பா வாங்கலாம்.

சிக்கனசாமி: சரி, ஓட்டைக்கு எம்-சீல் அடைப்பதிலாவது குற்றம் கண்டுபிடிக்காதீங்க.

கடலோரக்கவிதா: அதிலும் ஒரு விஷயம் இருக்கு. பிற்பாடு ஃபைபர் போடும்போது எம்-சீலை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும், அதன் மேல் ஃபைபரை ஒட்டும் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. எங்கள் பட்டறைக்கு வரும் படகுகளில் பாதி வேலை பழைய பூச்சைச் சுரண்டுவதுதான். டிரம் பிளாஸ்டிக்கிலும் ரெசின் ஒட்டாது, அதனால் அந்தத் தட்டை போல்ட்டால் மட்டும் இறுக்குங்க.

நாகை_ராஜா: அப்போ ஏ4 நாலு வாங்குகிறேன், தட்டுக்கு டிரம். சாமி அண்ணே, எத்தனை மில்லி கனத்துக்கு வெட்டுவீங்க?

சிக்கனசாமி: டிரம் கனம் என்னவோ அதுதான், இரண்டு துண்டு அடுக்கிக்கோ. அந்தப் பித்தளையை எடைக்குப் போடு, ஏ4-க்குப் பாதிக் காசாவது தேறும்.