ஊசி போட்ட மாடு, கொட்டின பால்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கறவைக்காரன்:
ரொம்ப நாளாக மனதில் கிடப்பது. மடிநோய் வந்த ஒரு மாட்டுக்குக் காம்பு வழியாக ட்யூப் ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றி, இதன் பாலைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் காலில் சிவப்புத் துணியும் கட்டியிருந்தேன். மறுநாள் விடிகாலை நான் இல்லை, கறந்தது தம்பி. துணி சாணியில் புரண்டு நிறமே தெரியாமல் இருந்திருக்கிறது. பால் சேர்க்கும் இடத்துக் குளிர்தொட்டியில் எல்லார் பாலும் கலந்த பிறகு, லாரியில் ஏற்றுமுன் சோதனைப் பட்டை விட்டுப் பார்த்ததில் மருந்து காட்டிவிட்டது. ஆளுக்கு ஆள் எடுத்து வைத்திருந்த மாதிரியில் என் கேன்தான் என்பதும் தெரிந்துவிட்டது. அத்தனை பாலும் குழிக்குள். யாராவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டே லிட்டர் ஊற்றும் ஒரு அம்மா, காலிக் கேனைப் பிடித்தபடி, "என் மாட்டுக்கு ஒண்ணுமே போடலையேப்பா" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதற்கப்புறம் நான் அங்கே போனாலே பேச்சு நின்றுவிடுகிறது.

கொட்டகைக்கோழி:
உங்களுக்காவது என்ன மருந்து என்று தெரியும். நான் கம்பெனி ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்ப்பவன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் அவர்களுடையது. கொட்டகையும் கடனும்தான் என்னுடையது. ஒருமுறை குஞ்சுகள் கூனிக்குறுகி நின்றபோது மேற்பார்வைக்கு வந்த பையன் ஒரு டப்பாவைக் கொடுத்து, "சத்துப் பொடி, தண்ணீரில் கலந்துவிடுங்க" என்றான். லேபிள் பாதி இல்லை. கிழிந்ததா கிழித்ததா, அவனுக்கே வெளிச்சம். மிச்சத்தில் கோலிஸ்டின் என்று இருந்தது, நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எதுவும் கேட்காத கிருமிக்கு மனிதர்களுக்குக் கடைசியாக ஏற்றும் மருந்து அது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அதை எதிர்க்கும் மரபணு ஒன்றைச் சீனாவில் கண்டுபிடித்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். பன்றி, இறைச்சி, நோயாளிகள் எல்லாவற்றிலும் இருந்ததாம், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமாம். அன்றைக்குப் பொடி கரையவில்லை என்று நான் முழங்கை வரை விட்டுக் கலக்கினேன்.

பையும் ஊசியும்:
கால்நடை மருத்துவன் நான். எல்லாவற்றையும் கம்பெனி தலையில் கட்டாதீர்கள். ஒரு கன்றுக்குக் கழிச்சல். துறுதுறுவென்று இருந்தது, பாலும் குடித்தது. உப்பு, குளுக்கோஸ் கரைசல் கொடுத்தாலே தேறிவிடும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்றார், ஆனால் கன்றின் கழுத்தை இறுக்கிய பிடியை விடவே இல்லை. ஊசி விழும் என்று காத்துக்கொண்டு நின்றார். போட்டுவிட்டேன். போடாமல் பணம் வாங்கியிருந்தால் அடுத்த தடவை வேறு ஆளைத்தான் கூப்பிடுவார், அந்த ஆள் எந்தக் கேள்வியும் கேட்காமல் போடுவார். அந்தப் பிடிதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொட்டகைக்கோழி:
டாக்டர், தெரிந்தே போட்டுவிட்டு எனக்குப் பாடமா?

பன்றிப்பண்ணை ஆள்:
குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனேன். என்ன வேலை என்று கேட்டார்கள், சொன்னேன். உடனே மூக்கில் பஞ்சு விட்டு எடுத்தார்கள், அப்புறம் தனி அறை. எம்ஆர்எஸ்ஏ, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு கிருமி. எனக்கு ஒரு உபாதையும் இல்லை, சும்மா மூக்கில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். என் மகள் கதவுக் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள், உள்ளே வரவில்லை. முதலாளி மூக்கை யாராவது பார்த்தார்களா, தெரியாது.

பழைய தொழுவம்:
எங்கள் பண்ணையிலும் ஒருமுறை பால் கொட்டியிருக்கிறோம், அதை விடுங்கள். இங்கே எல்லாரும் வருத்தப்படுகிறீர்களே தவிர, என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986லேயே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல். நோயே வராத மந்தைக்கு வழக்கமாகக் கொடுப்பதையும் 2022இல் தடை செய்தார்கள். டென்மார்க்கில் 1990களிலேயே கால்நடை மருத்துவர் மருந்து விற்று லாபம் பார்க்கும் வழியை அடைத்துவிட்டார்கள் (டாக்டர் கவனிக்க), 2010 முதல் மருந்து அளவு மீறிய பன்றிப் பண்ணைக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை. யார் மூக்கைப் பார்த்தார்கள் என்று கேட்டவரே, அங்கே கணக்கு பண்ணையின் பெயரில்தான். நீங்கள் செய்ய வேண்டியது: குட்டியைச் சீக்கிரம் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், படுக்கையைக் காயவைத்திருங்கள், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், கொட்டகையில் நெரிசலைக் குறையுங்கள், மருந்து ஏற்றிய மாட்டைக் கடைசியாகக் கறங்கள், அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊற்றாதீர்கள், துணியை நம்பாமல் பலகையில் தேதியோடு எழுதி வையுங்கள், அதைத் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

கொட்டகைக்கோழி:
நெரிசலைக் குறைக்கவா? எத்தனை குஞ்சு இறக்குவது என்பதையே அவர்கள்தான் சொல்கிறார்கள்.

கறவைக்காரன்:
பலகை மாட்டிவிட்டேன் ஐயா, நீங்கள் சொல்லுமுன்பே. நான் எழுத வந்தது வேறு. நேற்று அந்த அம்மா வீட்டுக்கே வந்தார். அவர் மாட்டுக்கு ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வருகிறதாம். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அதைக் காதில் வாங்காமல், "அன்னைக்கு நீ போட்டியே அந்த மருந்து, மிச்சம் இருக்காப்பா?" என்றார். எதுவும் பேசாமல் இருக்கிற மனுஷி, மருந்துக்குத்தான் பேசினார். அலமாரியில் ஒரு ட்யூப் இருக்கிறது. காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.